பின்னால் வருபவனுக்கான விளக்கு

பழைய கார் பிரியர்கள் கூடும் இடத்தில் அரை மணி நேரம் நின்றால் ‘ஒரிஜினல்’ என்ற சொல் ஐம்பது தடவையாவது காதில் விழும். ஒரிஜினல் பெயின்ட் சார். ஒரிஜினல் ஹார்ன் பட்டன். மிதியடிகூட ஒரிஜினல். அந்தச் சொல்லை அவர்கள் உச்சரிக்கும் தொனியில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு உறுத்தல் உண்டு. கலப்பில்லாதது, வெளிக்கை படாதது, வந்தபடியே இருப்பது. இந்த மொழியை நாம் கார்களைப் பற்றி மட்டுமா பேசுகிறோம்? கல்யாணத் தரகர் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

ஆனால் நான் சண்டைக்கு வந்திருப்பது அவ்வளவு பெரிய விஷயத்துக்காக அல்ல. கட்டைவிரல் அளவு இருக்கும் ஒரு சாமானுக்காக. பிரேக் லைட் ஸ்விட்ச். அதை இருக்கும் இடத்திலிருந்து நகர்த்தி பெடலில் வைக்கலாமா கூடாதா என்று எங்கள் வட்டத்தில் ஒரு வருடமாக வாய்ச்சண்டை. “அதெல்லாம் தொடவே கூடாது தம்பி, வண்டியோட கற்பு போயிரும்” என்று ஒரு பெரியவர் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

விஷயம் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். இன்றைய கார்களில் பிரேக் பெடலின் தண்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். பெடல் சும்மா இருக்கும்போது அதன் முனையை அழுத்திக்கொண்டிருக்கும். நீங்கள் காலை வைத்துப் பெடல் ஓர் இம்மி நகர்ந்ததும் முனை வெளியே வரும், பின்னால் சிவப்பு விளக்கு எரியும். பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே எரிந்துவிடும். நியாயமும் அதுதானே. நிற்கப்போகிறேன் என்பதை நிற்கும் முன் சொல்ல வேண்டும்.

ஐம்பதுகளின் கார்கள் பலவற்றில் அப்படி இல்லை. மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம், என்னிடம் இருப்பது அதுதான், பெரியப்பா விட்டுப்போன 1957 மாடல். அதில் ஸ்விட்ச் வண்டிக்கு அடியில், பிரேக் ஆயில் ஓடும் குழாயிலேயே திருகப்பட்டிருக்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், குழாயில் அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் ஸ்விட்சுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய சவ்வைத் தள்ளும், சவ்வு இரண்டு செம்பு முனைகளை ஒட்டவைக்கும், அதன்பிறகுதான் விளக்கு. அதாவது பிரேக் பிடித்தால்தான் விளக்கு எரியும். மெதுவாகக் காலை வைத்து வேகத்தைக் குறைத்தால், ஸ்விட்ச் கொஞ்சம் வயதானதாக இருந்தால், எரியவே எரியாது. குழாய் ஒழுகி பிரேக்கே போய்விட்டது என்று வையுங்கள். அழுத்தம் இல்லை, ஆகவே விளக்கும் இல்லை. பின்னால் வருபவனுக்கு எச்சரிக்கை மிக அதிகமாகத் தேவைப்படும் அந்த ஒரு தருணத்தில் இந்த ஏற்பாடு வாயை மூடிக்கொள்கிறது.

இதை யாரும் முட்டாள்தனமாகச் செய்யவில்லை. அந்தக் காலத்துக்கு இது சரியான யோசனைதான். வில்லிஸ் ஜீப்பிலும் இதே வகை ஸ்விட்ச்தான், ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் இதுதான். பெடல் பக்கம் எந்தச் சரிக்கட்டும் தேவையில்லை, தொழிற்சாலையில் திருகிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அன்றைய சாலையும் வேறு.

ஆனால் அந்த ஸ்விட்ச் படும் பாட்டைப் பாருங்கள். பின்னால் இரண்டு பல்பு, ஒவ்வொன்றும் 21 வாட். 12 வோல்ட்டில் மொத்தம் மூன்றரை ஆம்பியர். ரிலே எதுவும் கிடையாது, அத்தனையும் அந்தச் சின்ன முனைகள் வழியாகவே போக வேண்டும். ஒவ்வொரு தடவை காலை எடுக்கும்போதும் உள்ளே ஒரு பொறி. நாளடைவில் முனை கருகுகிறது. ஒரு பக்கம் ஆயில், ஒரு பக்கம் மின்சாரம், நடுவில் ஒரு சவ்வு. சவ்வு கிழிந்தால் ஆயில் ஒயர் வழியாகக் கசியும். இதற்கு மேல் அது இருக்கும் இடம்: தரைக்கடியில், மழைத் தண்ணியும் சேறும் நேராக வந்து அடிக்கும் இடத்தில். மைனரின் மாஸ்டர் சிலிண்டரே டிரைவர் காலுக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஆயில் ஊற்ற வேண்டுமென்றால் தரைவிரிப்பைத் தூக்க வேண்டும். அதைக் கழற்ற வேண்டுமென்றால் போல்ட்டை உருவ விடாமல் டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். மைனர் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள், விட்டுக்கொள்ளட்டும்.

“புதுசு வாங்கி மாட்டு, அதே மாதிரி கிடைக்குது” என்பார்கள். கிடைக்கிறது. நானும் வாங்கினேன். முதலாவது எட்டு மாதம் வந்தது. இரண்டாவது அதுகூட வரவில்லை. ஒவ்வொரு தடவையும் குழாயில் கை வைத்தால் உள்ளே காற்று போகும், திரும்ப நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. அந்தப் புது ஸ்விட்ச் எங்கோ ஒரு தொழிற்சாலையில் போன வருடம் செய்தது. அறுபது வருடத்துக்கு முந்தைய லூகாஸ் சாமானோடு அதற்கு உள்ள உறவு திருகு மரை மட்டும்தான். ஆனால் அதே ஓட்டையில் உட்கார்ந்திருப்பதால் அது ‘ஒரிஜினல்’. பெடலில் நான் வைத்தது ‘கலப்படம்’. வேலை செய்கிறதா என்ற கேள்வி இந்தக் கணக்கில் எங்கேயுமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழெட்டு வண்டிகள் வரிசையாகக் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர், அதற்கு முன்னால் எங்களில் ஒருவருடைய ஐம்பதுகளின் கார். பளபளவென்று குரோமியம். ஸ்கூட்டர்க்காரப் பையன் அதைப் பார்த்துக்கொண்டேதான் வந்தான். யார்தான் பார்க்க மாட்டார்கள், பார்க்கத்தானே கொண்டுவருகிறோம். ஒரு நாய் குறுக்கே வந்தது. கார் வேகம் குறைந்தது, பிறகு நின்றது. பின்விளக்கு இரண்டும் கடைசிவரை எரியவில்லை. பையன் நேராக பம்பரில் போய் மோதி விழுந்தான். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் அதோடு போயிற்று.

காரை ஓட்டியவர் இறங்கி முதலில் பம்பரைத் தடவிப் பார்த்தார். இது எனக்கு ஆச்சரியமாக இல்லை, மனிதர்கள் அதிர்ச்சியில் எதையாவது தடவுவார்கள். அதற்குப்பின் அவர் பேசியதுதான் ஆச்சரியம். “டிஸ்டன்ஸ் விட்டு வரணும்ல?” விட்டு வர வேண்டும்தான். ஆனால் எதை வைத்து? மாலையில் மெக்கானிக் பார்த்தபோது பல்பு இரண்டும் நன்றாக இருந்தன, ஒயரும் நன்றாக இருந்தது. அடியில் இருந்த ஸ்விட்ச் செத்துக் கிடந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? ஓட்டுகிறவர் தன் பிரேக் விளக்கைப் பார்க்கவே முடியாதே.

என்னுடைய மொத்த வாதமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு காரில் இருக்கும் எல்லாச் சாமானும் உள்ளே இருப்பவனுக்காக. ஸ்டீயரிங், சீட்டு, ஹெட்லைட், ஹார்ன், எல்லாமே. பிரேக் விளக்கு மட்டும்தான் உள்ளே இருப்பவனுக்குத் துளியும் பயன்படாதது. அது முன்பின் தெரியாத ஒருவனுக்கு நாம் சொல்லும் செய்தி. அப்படியானால் அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதில் உங்கள் ரசனைக்கு என்ன வேலை? உங்கள் சீட்டுத் துணி 1957-ஆக இருக்கட்டும், டயர் 1957-ன் அளவிலேயே இருக்கட்டும், மைனருக்கு ஏசி வைக்காமல் மே மாதத்தில் வெந்து சாகுங்கள், அது உங்கள் உடம்பு. பின்னால் வரும் பையனின் மணிக்கட்டு உங்கள் சேகரிப்பில் சேராது.

கணக்காகவே பார்க்கலாம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் நகர்கிறது. விளக்கு அரை நொடி தாமதமாக எரிந்தால் பின்னால் வருபவன் 8 மீட்டருக்கு மேல் இழக்கிறான். அது இரண்டு மோரிஸ் மைனரின் நீளத்தை விட அதிகம். இழைப் பல்பு முழு வெளிச்சத்துக்கு வரவே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும், அது தனி. அமெரிக்காவில் எழுபதுகளில் சான் பிரான்சிஸ்கோ டாக்சிகளின் பின்பக்கம் கூடுதலாக ஒரு பிரேக் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். பின்னால் இடிபடுவது பாதிக்கும் மேல் குறைந்தது. 1986 மாடலிலிருந்து அங்கே எல்லாப் புதுக் காருக்கும் மூன்றாவது விளக்கு கட்டாயமாயிற்று. அதன்பிறகு எல்லா வண்டியிலும் அது வந்துவிட்டதால் கண் பழகிப்போய், பலன் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. நான்கு சதவீதம் என்றால் சும்மாவா? ஒரு சின்ன விளக்குக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். நாம் இருக்கிற விளக்கை எரியவைக்கவே மாட்டேன் என்கிறோம்.

சரி, ஒரிஜினல் பக்தர்களின் கோவிலுக்குள்ளேயே போவோம். மோரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வண்டி வெளியானது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், எல்லாம் முடிந்து தயாராக இருந்த மாதிரி வண்டி அவருக்குக் குறுகலாகத் தெரிந்தது. நடுவில் நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் விலக்கி விலக்கிப் பார்த்து, இப்போது சரி என்று நிறுத்தினார். நான்கு அங்குலம். பானட்டின் நடுவில் ஒரு தட்டையான பட்டை ஓடுகிறதே, அது அந்த நான்கு அங்குலம்தான். பம்பர்கள் அதற்கு முன்பே செய்து குவிக்கப்பட்டிருந்தன. அவற்றையும் நடுவில் வெட்டி, இடையில் ஒரு துண்டு வைத்து ஒட்டினார்கள். ஆரம்பகால மைனர்களில் அந்த ஒட்டு வெளிப்படையாகவே தெரியும். இன்று அந்த ஒட்டுப்போட்ட பம்பர் இருந்தால் வண்டிக்குத் தனி மதிப்பு! வெட்டி ஒட்டியது ஒரிஜினல். இரண்டு ஒயரை இடம் மாற்றியது பாவம்.

இதோடு முடியவில்லை. முதல் மைனர்களின் ஹெட்லைட்கள் கீழே, முன்பக்கக் கம்பித் தட்டியில் இருந்தன. அமெரிக்காவில் விளக்கின் உயரத்துக்குச் சட்டம் வந்ததும் அவற்றைத் தூக்கி மட்கார்டின் மேல் வைத்தார்கள். முதலில் அமெரிக்கா போன வண்டிகளில், 1951-க்குள் எல்லா வண்டிகளிலும். அது தன் வடிவத்தையே கெடுத்துவிட்டதாக இசிகோனிசுக்கு வருத்தம் என்பார்கள். இருக்கலாம். விளக்கு நகர்ந்தது நகர்ந்ததுதான். நாம் எல்லோரும் கொஞ்சிக்கொண்டிருக்கும் அந்த மைனர் முகம், பாதுகாப்புக்காக விளக்கை இடம் மாற்றியதால் வந்த முகம். 1961-ல், பக்கத்தூணிலிருந்து கை மாதிரி நீட்டிக்கொண்டு வரும் டிராஃபிகேட்டரை எடுத்துவிட்டு மினுக்கும் இண்டிகேட்டர் வைத்தார்கள். ஏன்? பின்னால் வருபவனுக்குத் தெரிய வேண்டுமே. வண்டியைச் செய்தவர்களே 20 வருடத்துக்கும் மேலாக நகர்த்திக்கொண்டேதான் இருந்தார்கள். உற்பத்தி நின்றதும் நகர்வதும் நின்றுவிட வேண்டும் என்று எந்தக் கல்வெட்டில் எழுதியிருக்கிறது?

நம்மிடமே உதாரணம் இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேர். அதைவிடப் பழமையான, அதைவிடப் புனிதமான வாகனம் உங்கள் கிளப்பில் ஏதாவது இருக்கிறதா? முட்டுக்கட்டை போட்டே திருப்பி நிறுத்திய தேர் அது. இன்றைக்கு அது திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்புச் சக்கரத்தில், ஹைட்ராலிக் பிரேக்கோடு ஓடுகிறது. முட்டுக்கட்டையும் கூடவே இருக்கிறது. தியாகராஜர் இறங்கிப் போய்விட்டாரா? வடம் பிடிக்க வரும் கூட்டம் குறைந்துவிட்டதா? சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்பவனின் உயிர் முக்கியம் என்று தேருக்கே தோன்றியிருக்கிறது. உங்கள் மைனருக்குத் தோன்றவில்லை.

தீசியஸ் கப்பல் கதையை இந்த இடத்தில் யாராவது எடுப்பார்கள். எடுக்காதீர்கள், ப்ளீஸ். பலகை பலகையாக மாற்றினால் அது அதே கப்பலா என்ற கேள்வி கரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனபோது மோரிஸ் மைனரும் ஆஸ்டின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெட்ரோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, இருமிக்கொண்டே நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் கொண்டுபோய்ச் சேர்த்தன. சண்டை முடிந்த பிறகும் அங்கே அவை வாடகைக்கு ஓடின. அந்த வண்டிகளுக்கு எந்த நடுவர் மதிப்பெண் போடுவார்? கார்புரேட்டர் ஒரிஜினல் இல்லை என்று கழித்துவிடுவாரா? ஐம்பதுகளின் வண்டிகள் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அவற்றை யாரோ மாற்றிக்கொண்டே இருந்ததுதான். அந்த யாரோவின் பெயர் எந்தக் கோப்பையிலும் பொறிக்கப்படுவதில்லை. கோப்பை வாங்கும் கையில் கிரீஸ் இருக்காது.

எதிர்த்தரப்பில் மதிக்கத்தக்க வாதம் ஒன்று உண்டு, அதை மழுப்ப மாட்டேன். “இன்னைக்கு ஸ்விட்ச், நாளைக்கு டிஸ்க் பிரேக், அடுத்த வருஷம் டீசல் இன்ஜின்.” இது உண்மையாகவே நடந்திருக்கிறது. வேனிலிருந்து பிடுங்கிய டீசல் இன்ஜினை வைத்து, பானட்டை அறுத்து, அலாய் வீல் போட்டு, உள்ளே நீலவிளக்கு ஓடவிட்டு ரீல்ஸ் போடுகிறவர்களை எனக்கும் பிடிக்காது. அவர்களிடமிருந்து ஒரு பழைய வண்டியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் நானும் வருகிறேன். ஆனால் வேறுபாடு தெரியாமலா இருக்கிறது? திரும்ப வைக்க முடிவதும் முடியாததும் ஒன்றா? நான் செய்தது இவ்வளவுதான். குழாயில் இருந்த பழைய ஸ்விட்சை அப்படியே விட்டேன், அதைக் கழற்றினால்தானே ஏர் எடுக்கும் தலைவலி. மைனரில் பிரேக் பெடலின் தண்டு தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். அதன் பக்கத்தில், ஏற்கெனவே இருந்த ஒரு திருகில், தகரத்தை வளைத்துச் செய்த பிராக்கெட். அதில் மாருதி 800-க்கு விற்கும் ஸ்விட்ச். பழைய ஸ்விட்சுக்குப் போகும் பச்சை ஒயரிலிருந்தும், பச்சையில் ஊதாக்கோடு ஓடும் ஒயரிலிருந்தும் ஆளுக்கொரு கிளை இழுத்துப் புது ஸ்விட்சில் கொடுத்தாயிற்று. இரண்டில் எது ஒட்டினாலும் விளக்கு எரியும். புதிதாக ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. நாளைக்கே யாராவது பெரிய விலை கொடுத்து வாங்கி, ‘சுத்தமாக’ வேண்டும் என்றால், ஒரு ஸ்பேனரும் பதினைந்து நிமிடமும் போதும்.

இன்னொரு சமாதானம் வைத்தார்கள், ரிலே மட்டும் போட்டுக்கொள், இடத்தை மாற்றாதே என்று. ரிலே நல்லதுதான், முனை கருகாது. ஆனால் அழுத்தம் ஏறினால்தான் எரியும் என்ற அடிப்படைக் கோளாறு அப்படியே இருக்கும். பெடல் ஸ்விட்சிலும் குறை இல்லாமல் இல்லை. சரியாக வைக்காவிட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருந்து காலையில் பேட்டரி படுத்திருக்கும். அந்தக் குறை ராத்திரி வண்டியை நிறுத்தும்போதே கண்ணுக்குத் தெரியும். பழைய ஸ்விட்சின் குறை அடுத்தவன் எலும்பில் தெரியும். நான் முன்னதைத் தேர்ந்தெடுக்கிறேன்.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயதைத் தாண்டியது, அசல் வடிவில் இருப்பது, பெரிய மாற்றத்துக்கு உள்ளாகாதது என்றால் ‘விஏ’ எழுத்தோடு தனி எண். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். பெரிய மாற்றம் என்று அந்த விதி சொல்வது சேசிஸ், பாடி, இன்ஜின். ஸ்விட்சைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அரசாங்கத்துக்கே இல்லாத ஆசாரம் கிளப்புக்கு எங்கிருந்து வந்தது?

எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. இந்த வண்டிகளை நாம் ஓட்டுவதை நிறுத்திவிட்டோம். லாரியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோய், புல்தரையில் இறக்கி, துணியால் துடைத்து, மாலையில் திரும்ப ஏற்றுகிறோம். புல்தரையில் யாரும் பின்னால் வருவதில்லை. அங்கே பிரேக் விளக்கு ஓர் ஆபரணம். ஆபரணத்துக்குத்தான் ஒரிஜினல் முக்கியம். என் பெரியப்பா இந்த மைனரில் வாரம் மூன்று நாள் காய்கறி மூட்டை ஏற்றினார். அவருக்கு விண்டேஜ் என்ற சொல்லே தெரியாது. எது உடைந்தாலும் கிடைத்ததை வைத்துச் சரிசெய்தார். வேலை செய்தால் விட்டுவிடுவார்.

நடுவர்களாக வரும் பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வரும் கண்காட்சியில் டார்ச்சை எடுத்துக்கொண்டு பானட்டுக்குள் குனிவதற்கு முன்னால், ஒயரின் மேல் சுற்றிய துணி அந்தக் காலத்ததா என்று கிள்ளிப் பார்ப்பதற்கு முன்னால், வண்டிக்குப் பின்னால் போய் நில்லுங்கள். உள்ளே இருப்பவரிடம் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஓங்கி அல்ல, நெரிசலில் மிதிப்பதைப் போல, செருப்பு நுனியால் மெதுவாக. எரியாத வண்டிக்கு அதோடு மதிப்பெண் அட்டையை மடித்துப் பையில் வையுங்கள். என் வண்டியையும் கொண்டுவருகிறேன். பிராக்கெட்டுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறேன். அதைக் கண்டுபிடித்துக் குறை எழுத வேண்டுமென்றால் தரையில் தலை வைத்துப் படுக்க வேண்டியிருக்கும், பாய் ஒன்று விரித்துத் தருகிறேன்.